இறக்கிக் கட்டிய கம்பிகள்

1995இல் உலகநாதன் தன் டேப் ரெக்கார்டரை மூன்று முறை பழுது பார்க்கக் கொடுத்தார். மூன்று முறையும் கடைக்காரர் அதைத் திறந்து, பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்யா ஓடுது" என்று திருப்பிக் கொடுத்தார். உலகநாதன் நம்பவில்லை. கேசட்டில் ஓடும் ஆங்கிலப் பாட்டோடு சேர்ந்து கிட்டார் வாசித்தால் ஒரு சுரம்கூடப் பொருந்தவில்லை. பாட்டு சுருதியில் அரைக் கட்டை கீழேயே நின்றது. மோட்டார் இழுக்காமல் மெதுவாகச் சுற்றுகிறது என்றுதான் அவர் முடிவு கட்டியிருந்தார்.

உண்மையைச் சொன்னவர் குழுவில் கீபோர்டு வாசித்த ஆபிரகாம்.

"டேப் சரியாத்தான் இருக்கு நாதன். பாட்டுல வாசிச்சவங்க கிட்டாரையே அரைக் கட்டை இறக்கிக் கட்டியிருக்காங்க."

"இன்னாப்பா சொல்ற? கிட்டாருக்குன்னு ஒரு சுருதி கீது. அத்தப் போய் மாத்துவாங்களா?"

"பாடுறவங்க தொண்டைக்கு ஏத்த மாதிரி மாத்திக்குவாங்க."

அப்போது உலகநாதனுக்கு வயது இருபத்தொன்பது. திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவும் அண்ணனும் நெல்லும் மணிலாக் கடலையும் போட்டார்கள். இவர் செங்கல்பட்டில் லாரி உதிரி பாகங்கள் விற்கும் கடையில் நின்றார். சனி, ஞாயிறு மாலைகளில் மாமல்லபுரம் கடற்கரை விடுதி ஒன்றின் புல்தரையில், டிரம்ஸ் செல்வராஜின் குழுவோடு வாசிப்பார். சொந்தப் பாட்டு எதுவும் கிடையாது. வெள்ளைக்காரர்கள் கேட்கும் பழைய ஆங்கிலப் பாட்டு, சென்னையிலிருந்து வரும் குடும்பங்கள் கேட்கும் சினிமாப் பாட்டு, இரண்டும் கலந்து இரண்டு மணி நேரம்.

ஆபிரகாம் சொன்ன விஷயம் புரிந்த பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. ஒரு பாட்டுக்கு எல்லாக் கம்பிகளையும் அரைக் கட்டை இறக்க வேண்டும். அடுத்ததற்குப் பழையபடி ஏற்ற வேண்டும். இன்னொன்றுக்குத் தடித்த கம்பியை மட்டும் தளர்த்த வேண்டும். இருந்ததோ ஒரே கிட்டார். பாட்டுக்குப் பாட்டு அவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி முறுக்காணியைத் திருகிக்கொண்டு நிற்க, செல்வராஜ் டிரம்ஸைத் தட்டி நேரத்தை ஒப்பேற்றுவார். உப்புக்காற்றில் ஏற்கெனவே துருப்பிடித்த கம்பி, ஏற்றி இறக்கியதில் பட்டென்று அறுந்து கன்னத்தில் கோடு போட்டதும் உண்டு. கடைசியில் ஒரே சுருதியில் வரும் பாட்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பட்டியல் போட்டார். அதன் பிறகு ஒரு மாலைக்கு இரண்டு தடவை திருகினால் போதும் என்றானது.

பாடியவர் வசுமதி. கல்பாக்கம் குடியிருப்பில் இருந்தார். கணவருக்கு அங்கே வேலை, இவர் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஐந்தரைக் கட்டையில் நின்று பிசிறில்லாமல் பாடுவார். கிட்டாருக்கு எந்தச் சுருதி வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பாட்டைத் தொடங்குகிற பழக்கம் அவரிடம் மட்டுமே இருந்தது. அதனால் உலகநாதனுக்கு அவர்மேல் தனி மரியாதை.

2001இல் வசுமதிக்குத் தைராய்டு கட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து, செல்வராஜ் வீட்டு மாடியில் நடந்த ஒத்திகைக்கு வந்தார். முதல் பாட்டிலேயே மேல் சுரம் காற்றாகப் போனது. இன்னொரு முறை முயன்றார். இருமல்தான் வந்தது.

ஆபிரகாம் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி ஒரு கட்டை இறக்கினார். நாலரைக் கட்டையில் குரல் நின்றது. முன்னைவிடக் கனமான குரல், அடியில் லேசான கரகரப்பு. நன்றாகவே இருந்தது. ஆனால் கிட்டாரில் பொத்தான் இல்லை. திறந்த கம்பிகள் கணகணவென்று ஒலிப்பதில்தான் அந்தப் பாட்டுகளின் அழகே இருந்தது. உலகநாதன் விரலை முழுக்கப் படுக்கவைத்து அழுத்தி வேறு இடத்தில் வாசித்தார். சுருதி சேர்ந்தது, பாட்டு செத்தது. சரி என்று எல்லாக் கம்பிகளையும் ஒரு கட்டை தளர்த்தினார். தொளதொளத்துப்போய், விரல் பட்ட இடமெல்லாம் அதிர்ந்தது.

"தகரம் தட்டறாப்ல கீது" என்றார் செல்வராஜ்.

வசுமதி தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியதும் செல்வராஜ் குரலைத் தாழ்த்தினார். "பொத்தேரில காலேஜ் பொண்ணு ஒண்ணு நல்லாப் பாடுதாம். கூப்ட்டுப் பாக்கலாமா?"

"ரெண்டு வாரம் குடு அண்ணாத்த" என்றார் உலகநாதன். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே அப்போது தெளிவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது, நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அந்த அம்மாவைப் போய்ப் பார்க்கவில்லையே என்பது உறுத்தியது.

சென்னைக்குப் போய்த் தடித்த கம்பிகள் வாங்கிவந்தார். அவை கிட்டார் கழுத்தின் மேல்முனைத் துண்டில் இருந்த பள்ளங்களில் உட்காரவில்லை. கடையிலிருந்த சின்ன அரத்தால் ஒவ்வொன்றாக ராவினார். ஒரு பள்ளம் ஆழமாகிப் பாழானது. அந்தத் துண்டையே புதிதாக வாங்கி மறுபடி முதலிலிருந்து. பத்தாவது நாள், ஒரு கட்டை கீழே கட்டிய நிலையிலும் கம்பிகள் விறைப்பாக நின்றன. இடையிடையே ஆபிரகாமும் பாடுவார்; அந்தப் பாட்டுகளுக்குப் பழைய சுருதி வேண்டுமே? அதற்கு, கழுத்தில் இரண்டாம் கட்டத்தில் மாட்டும் கேப்போ என்ற கவ்வி. மாட்டினால் பழைய சுருதி, கழற்றினால் வசுமதியின் சுருதி. முறுக்காணியைத் தொடவே வேண்டாம்.

செல்வராஜ் கேட்டுவிட்டு, "ஆங், இது கிட்டாரு" என்றார். பொத்தேரிப் பேச்சு அதோடு நின்றது.

விடுதியில் மீண்டும் வாசித்த ஞாயிறு மாலை. புல்தரை நிறைய நாற்காலி. ஆபிரகாம் ஒரு பாட்டு பாடி முடித்தார். அடுத்தது வசுமதி, கிட்டார் மட்டும் தனியாகத் தொடங்கும் பாட்டு. உலகநாதன் தொடங்கினார். முன்னிசை நாலு வரி போனதும் வசுமதி திரும்பி அவரைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது: கேப்போவைக் கழற்றவில்லை. ஐந்தரைக் கட்டை, அவருடைய பழைய இடம். கை அப்படியே நின்றுவிட்டது.

வசுமதி மைக்கைப் பிடித்து, "ஒரு நிமிஷம் மன்னிக்கணும்" என்றார். "எங்க கிட்டாரிஸ்ட் என் பழைய குரலுக்கு வாசிச்சுட்டார். அது ஆபரேஷன்ல போயிடுச்சு. இப்ப இருக்கிறதுக்கு வாசிப்பார்."

சிலர் சிரித்தார்கள், சிலர் கைதட்டினார்கள். உலகநாதன் கவ்வியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினார். வசுமதி அந்தப் பாட்டை அவசரமில்லாமல், கரகரப்பை மறைக்காமல் பாடினார். முடிந்ததும் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழுந்து வந்து அதையே திரும்பப் பாடச் சொன்னார்.

சாமான்களைக் கட்டும்போது உலகநாதன், "மன்னிச்சுக்குங்க மேடம்" என்றார்.

"விடுங்க நாதன். ஸ்டாஃப் ரூம்ல குரலுக்கு என்னன்னு கேட்டா ஜலதோஷம்னு சொல்லிக்கிட்டிருந்தேன். இனிமே அது வேண்டாம்."

இன்னும் ஆறு வருடம் அவர் பாடினார். 2007இல் கணவருக்கு வடக்கே மாற்றலானதும் குடும்பத்தோடு போனார். அவருக்குப் பின் இரண்டு பேர் வந்து பாடினார்கள். இருவருக்கும் உயர்ந்த குரல். உலகநாதன் கம்பிகளை மாற்றவில்லை. கவ்வியை ஏற்றி மாட்டிச் சமாளித்தார்.

அடுத்த வருடம் ஒருநாள் காலை கடைக்கு போன் வந்தது. வசுமதிதான். இப்போது வேலை பார்க்கும் பள்ளியின் ஆண்டு விழாவில் பாடப்போகிறாராம்; அங்கே கிட்டார் வாசிக்கும் இசை ஆசிரியர் நாலரைக் கட்டை சரிப்படாது என்கிறாராம். "கொஞ்சம் அவர்கிட்ட பேசுங்களேன்" என்று போனைக் கொடுத்துவிட்டார். அந்த மனிதருக்குத் தமிழ் தெரியாது. உலகநாதன் தெரிந்த ஆங்கிலத்தில் தடித்த கம்பி, அரம், இரண்டாம் கட்டம் என்று அரைமணி நேரம் விளக்கினார். கிளட்ச் பிளேட் வாங்க வந்த லாரி டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் டீ குடிக்கப் போய்விட்டார்.