அசையாமல் நின்ற தண்ணீர்

அற்புதசாமி பொன்மலை ரயில்வே குடியிருப்பில் பிறந்தவர். அப்பா ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் மகனுக்கும் அங்கேயே வேலை கிடைத்துவிடும் என்று வீட்டில் நம்பினார்கள். கிடைக்கவில்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் தொட்டியம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பாய்லர் அடுப்புக்கு உமி தள்ளப் போனார். அங்கேயே பாய்லர் ஓட்டக் கற்று, பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கி, திருச்சியில் நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். ஆலைச் சத்தத்தில் இடது காது மந்தமாகியிருந்தது. அவரிடம் பேச வேண்டுமானால் வலது பக்கம் நிற்க வேண்டும். இது தெரியாதவர்கள் அவரைத் திமிர் பிடித்தவர் என்பார்கள். கொஞ்சம் திமிரும் உண்டு.

ஆபரேஷன் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறைக்கு நான் பொறுப்பு சிஸ்டர். என் அறைக்கும், சமையற்கட்டுக்கும், சலவைக்கூடத்துக்கும் நீராவி ஒரே பாய்லரிலிருந்துதான் வரும். கருவேலங்கட்டை போட்டு எரிக்கும் பாய்லர். அந்த நீராவிக்காகப் பதினெட்டு வருடம் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். "ஸ்டீம் ஈரமா வருது, துணியெல்லாம் நனையுது" என்பேன். "உங்க ட்ராப் அடைச்சிருக்கும் சிஸ்டர், என் பாய்லரைக் குத்தம் சொல்லாதீங்க" என்பார். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். குழாயில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடுகிற ட்ராப்பைக் கழற்றி, துருவைத் தட்டிக் கொட்டி, என் கண் முன்னால் ஆட்டிக் காட்டுவார்.

பாய்லரின் முகப்பில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் உண்டு. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது அதில் தெரியும். தினமும் காலையில் அடுப்பு மூட்டும் முன், கண்ணாடியின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை இறக்கிவிட்டு மூடுவார். தண்ணீர் சட்டென்று மறுபடி ஏறினால் கண்ணாடி உண்மை சொல்கிறது என்று அர்த்தம். காய்ச்சலோடு வந்த நாளிலும் அதைச் செய்யாமல் அவர் தீக்குச்சி கிழித்ததில்லை.

ஒரே ஒரு நாள் செய்யவில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், ஆயுத பூஜைக்கு மறுநாள்.

பூஜை போட்டது பிச்சமுத்து. பாய்லருக்குக் கட்டை போடுகிறவர், திருவானைக்காவல்காரர். பாய்லரைக் கழுவி, பித்தளைத் திருகுகளைப் புளி போட்டு விளக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் வாங்கிய சாமந்திச் சரத்தை இரண்டு கண்ணாடிகளுக்கும் சுற்றியிருந்தார். அற்புதசாமி கிறிஸ்தவர், ஆனாலும் பொரி வாங்கிக்கொண்டு கடைசிவரை நிற்பார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அடுப்பு மூட்டப் போனவர் பூவைப் பார்த்தார். அடித் திருகைத் திறந்தால் தண்ணீர் அடித்துப் பூ நாசமாகிவிடும். பூஜைப் பூவைத் தானே எடுத்துப் போட்டால் பிச்சமுத்து மனசு சங்கடப்படும். அவர் வந்து எடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இரண்டு கண்ணாடியிலும் தண்ணீர் சரியாகப் பாதி இருந்தது.

ஏழு மணிக்கு நான் போன் செய்தேன். என் ட்ராப் மறுபடி மக்கர். ஒன்பது மணிக்கு ஒரு வயிற்று ஆபரேஷன் இருந்தது. கருவித் தட்டுகள் வரிசையில் காத்திருந்தன. அப்போதுதான் வந்த பிச்சமுத்துவைக் கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டு அவர் என் அறைக்கு வந்தார். ஒரு மணி நேரம் பிடித்தது. முடித்ததும், தட்டுகளுக்கு எத்தனை மணிக்கு முழு அழுத்தம் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் நானும் பாய்லர் கொட்டகைக்கு நடந்தேன்.

பிச்சமுத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, காலையிலேருந்து தண்ணி ஏத்துற மோட்டாரே போடல. இந்தா பாருங்க, ஒரு பொட்டுத் தண்ணி குறையல. எல்லாம் நேத்து பூஜையோட மகிமை!"

சமையற்கட்டில் நானூறு பேருக்கு இட்லி வெந்திருந்தது. சலவைக்கூடம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை நீராவி வெளியே போயும் தண்ணீர் குறையவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கே உறைத்தது. அற்புதசாமி கண்ணாடிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். ஓடுகிற பாய்லரில் கண்ணாடித் தண்ணீர் துடித்துக்கொண்டே இருக்கும். இது குடத்துத் தண்ணீர் மாதிரி நின்றது.

பூச்சரத்தை ஒரே இழுப்பில் பிய்த்தார். அதன் அடியில் பித்தளைக் கைப்பிடிகள் குறுக்காகப் படுத்திருந்தன. கீழே தொங்கினால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. சரம் வழுக்காமல் மாட்டி நிற்பதற்காகப் பிச்சமுத்து, கண்ணாடியைப் பாய்லரோடு இணைக்கும் மேல் திருகு, கீழ்த் திருகு இரண்டையும் குறுக்கே திருப்பிவிட்டிருந்தார். இரண்டு கண்ணாடியிலும் அப்படியே. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது முந்தைய நாள் தண்ணீர்.

கண்ணாடி வெடித்தாலும் மேலே படாதபடி அற்புதசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாக மேல் திருகைத் திறந்தார். பிறகு கீழ்த் திருகை. பாதியில் நின்ற தண்ணீர் விறுவிறுவென்று இறங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அடித் திருகைத் திறந்தார். வெறும் ஆவி சீறியது.

"அடுப்பு ஃபேனை நிறுத்து" என்றார். குரல் உயரவில்லை. "கட்டை போடாதே. சாம்பலை வாரி அடுப்புல கொட்டு. ஈரச் சாம்பல். தண்ணி ஊத்திடாதே."

அந்த நேரம் பார்த்துப் பராமரிப்பு மேனேஜர் பீமராவ் உள்ளே வந்தார். ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். பாதிதான் புரிந்துகொண்டார்.

"தண்ணி இல்லையா? மோட்டாரைப் போடுய்யா! என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற?" என்று சுவிட்சுக்குப் பாய்ந்தார்.

அற்புதசாமி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"கையை விடு! நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். உள்ள குழாய் காய்ஞ்சு சிவந்திருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. சிவந்திருந்து பச்சைத் தண்ணி பட்டுச்சுன்னா, நீங்க யாருன்னு அடையாளம் சொல்லக்கூட ஆள் இருக்காது."

"ஆபரேஷனுக்கு ஸ்டீம் வேணும். டாக்டர் என்னைத்தான் கேப்பாரு."

"என்னைக் கேக்கச் சொல்லுங்க." சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். என்னைப் பார்த்தார். "சிஸ்டர், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனை பேரு?"

"சலவையில ஒன்பது. சமையல்ல எட்டு."

"வெளிய போகச் சொல்லுங்க. ஓடச் சொல்லாதீங்க, நடக்கச் சொல்லுங்க."

தீ விபத்துப் பயிற்சி எனக்கு உண்டு. சலவைக்கூடத்துக்குள் நுழைந்து கையைத் தட்டினேன். இஸ்திரி உருளை முன்னால் நின்ற வேணி, "இந்த விரிப்பை மட்டும் விட்டு எடுத்துக்கிறேன் சிஸ்டர்" என்றாள்.

"விரிப்பு கிடக்கட்டும். வா."

"கருகிடும், அப்புறம் என்னைத்தான் ஏசுவீங்க."

"இன்னைக்கு ஏச மாட்டேன். நட."

சமையற்கட்டையும் காலி செய்துவிட்டு, கருவித் தட்டுகளை ஆம்புலன்ஸில் ஏற்றித் தில்லைநகரில் எனக்குத் தெரிந்த ஒரு நர்சிங் ஹோமுக்கு அனுப்பினேன். ஆபரேஷன் பதினொன்றுக்குத் தள்ளிப்போயிற்று. நோயாளிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

திரும்பி வந்தபோது பிச்சமுத்து அழுதுகொண்டே சாம்பல் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார். மிச்சத் தண்ணீரும் ஆவியாகப் போய்விடாமல் அற்புதசாமி பெரிய வால்வை ஒவ்வொரு சுற்றாக மூடிக்கொண்டிருந்தார். வெளியே போகிற ஆவி நின்றதும் அழுத்த முள் மேலே நகர ஆரம்பித்தது. அடுப்பில் சூடு இன்னும் மிச்சம் இருந்தது. முள் சிவப்புக் கோட்டை நோக்கிப் போயிற்று.

"பிச்சமுத்து, நீயும் வெளிய போ."

"நான் போக மாட்டேண்ணே. நான் பண்ணினது."

"பண்ணினது பேசற நேரமா இது? இன்னும் ரெண்டு கூடை கொட்டிட்டுப் போ."

பீமராவ் வாசலில் நின்றார், போகவும் இல்லை, வரவும் இல்லை. நானும் அங்கேயே நின்றேன். முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே நின்றது. அங்கேயே நடுங்கியது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பிறகு இறங்கியது. அற்புதசாமியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அதன் பிறகும் அவர் மறுபடி சுவிட்சுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள் என்று மத்தியானம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகுதான் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பாய்லர் ஆற ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் காலையில் மேல் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார்கள். மேல் வரிசைக் குழாய்கள் தண்ணீருக்கு வெளியே இரண்டு விரற்கடை காய்ந்து நீலம் பாரித்துக் கிடந்தன. பீமராவ் எட்டிப் பார்த்துவிட்டு, தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

பாய்லர் பதிவேட்டில் எழுத வேண்டும். "மோட்டார் ரிப்பேர்னு எழுதிடுங்க அற்புதசாமி. யாருக்கும் வம்பு இல்ல" என்றார் பீமராவ். அதட்டல் எல்லாம் போயிருந்தது.

"மோட்டார் என்ன சார் பாவம் பண்ணுச்சு?"

"அப்ப என் பேரை எழுதுங்கண்ணே" என்றார் பிச்சமுத்து.

"உனக்குச் சான்றிதழ் இருக்கா? பேசாம இரு."

இரண்டு வரி எழுதினார். 'காலையில் கண்ணாடியைச் சோதிக்காமல் அடுப்பு மூட்டினேன். தண்ணீர் குறைந்தால் அடிக்கும் அலாரம், சத்தம் தொந்தரவு என்று ஆறு மாதம் முன்பு மேனேஜர் உத்தரவில் துண்டிக்கப்பட்டு, இன்றுவரை இணைக்கப்படவில்லை.'

பீமராவ் படித்தார். "ரெண்டாவது வரி வேணாமே."

"எடுத்துடலாம் சார். எடுத்தா மொத வரியும் பாதிப் பொய்யாயிடும். எது வசதி?"

பீமராவ் பேனாவை வாங்கி இரண்டு வரிக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன்.

அடுத்த வாரம் வந்த பாய்லர் இன்ஸ்பெக்டர் மேல் வரிசைக் குழாய்களை மாற்றச் சொன்னார். அலாரம் இணைக்காமல் தீ மூட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்; இரண்டும் முடிந்து ஒரு வாரத்தில் பாய்லர் மறுபடி ஓடியது. பீமராவுக்கு மெமோ வந்தது. அற்புதசாமியைப் பதினைந்து நாள் வேலைக்கு வர வேண்டாம் என்றது நிர்வாகம். பதினேழு பேரைக் காப்பாற்றியவருக்கு இதுவா என்று சலவைக்கூடத்தில் கொதித்தார்கள். அவர் கொதிக்கவில்லை.

பத்தாம் நாள் பொன்மலைக்குப் போய்ப் பார்த்தேன். அவர் மனைவி காப்பி கொடுத்துவிட்டு, "சாப்பிடறதே இல்ல சிஸ்டர், நீங்களாவது கேளுங்க" என்று உள்ளே போய்விட்டாள். ஆளும் இளைத்திருந்தார். வலது பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"தூக்கம் வருதா?"

"வரல சிஸ்டர். கண்ணை மூடினா அந்தப் பாதிக் கண்ணாடி வந்து நிக்குது. பூவுக்குப் பாவம் பார்த்தேன் பாருங்க. ரிசைன் பண்ணிடலாமான்னு இருக்கு. அங்க போனா கை நடுங்கும்."

"நடுங்கட்டும். திருகைத் திறக்க முடியாத அளவுக்கா நடுங்கும்?"

கையை நீட்டிப் பார்த்தார். "அவ்வளவு இல்ல."

"அப்ப பதினாறாம் நாள் வந்துடுங்க. உங்களுக்குப் பதிலா வந்திருக்கிற ஆளு கண்ணாடியைப் பார்க்கிறதைவிட போனைத்தான் அதிகமாப் பார்க்கிறான்."

"போனையா பார்க்கிறான்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பதினாறாம் நாள் வரைகூடக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கே ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளோடு நின்றார். உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு என்றார் வாட்ச்மேன். அற்புதசாமியும் உள்ளே வரவில்லை; அந்தப் புது ஆளை வாசலுக்குக் கூப்பிட்டு, போனை வாங்கி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனார். மீதி நான்கு நாளும் அப்படியே.