அம்மா தண்ணீரால் எழுதிய சொல்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று முன்னால் வந்து நிற்கும். சொல்ல வந்தது மறந்துபோகும். நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிறவளுக்கு, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவது என்றால் இன்னும் கூச்சம். என் மகள்தான் ஒரு நோட்டைக் கொடுத்து, "நீ எப்படிப் படிக்கக் கத்துக்கிட்டேன்னு மட்டும் எழுதும்மா, போதும்" என்றாள்.

அப்போது எனக்கு ஆறு வயது. ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய வருஷம் பார்த்து, காவிரிக் கரையில் அம்மா மண்டபம் என்கிற படித்துறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டேன். மூங்கில் சிம்பு வைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவிய துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். எலும்பு கூடி, நான் ஊன்றி நடப்பதற்குள் ஒரு வகுப்பு முழுசாகக் கடந்து போய்விட்டது.

அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது தரைதான். எங்கள் கூடத்துச் சிவப்பு சிமெண்டுத் தரை. அதில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். முற்றத்தின் வழியாக வெயில் ஒரு பாயைப் போல வந்து விழும். காலையில் சுவரோரம் இருக்கும் பாய், மத்தியானம் என் காலடிக்கு வரும், சாயங்காலம் தூணில் ஏறிப் போய்விடும். அதோடு சேர்ந்து நானும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்வேன். நாள் போவது அப்படித்தான் எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை அப்பாவிடம் ஒன்று சொல்லியிருந்தார். ஜூன் மாதம் அழைத்து வாருங்கள்; பிள்ளை வாசித்துக் காட்டினால் இரண்டாம் வகுப்பில் உட்கார வைக்கிறேன், இல்லாவிட்டால் ஒன்றாம் வகுப்புதான் என்று. அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. விடிவதற்கு முன்னால் சைக்கிளை எடுத்தால் இருட்டுகிற நேரத்தில்தான் திரும்புவார். அவருக்கு இதில் பெரிய அக்கறை இல்லை.

"வந்தா வருது, வராட்டி விடு. ஒண்ணாங்கிளாஸ்ல சின்னப் புள்ளைங்களோட போய் உக்கார வேண்டாம். பொம்பளைப் புள்ளைதானே, வீட்லயே இருக்கட்டும்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "என்ன, மூணாங்கிளாஸ் டீச்சரம்மா?" என்று சிரித்தார்.

அம்மா படித்தது மூன்றாம் வகுப்பு வரை. மறுநாளிலிருந்து இரண்டு வேளையும் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லிக்கொடுப்பாள். கடலை மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து, அதில் இருப்பதை எழுத்துக் கூட்டச் சொல்வாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பழைய பாடப் புத்தகம் வாங்கி வந்தாள். அதில் எனக்குப் பிடித்தது நம் ஊரைப் பற்றிய பாடம். அந்தப் பாடத்தில்தான் வந்தது வில்லங்கம்.

அப்பாவின் பெயர் ரங்க என்று தொடங்கும். எங்கள் ஊரில் பாதி ஆண்களுக்கு அப்படித்தான். முழுப் பெயரையும் எழுத இந்த வயதிலும் எனக்குக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன். கட்டியவன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். அம்மா ஒரு படி மேலே போய், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்காக ஊர்ப் பெயரையும் சொல்ல மாட்டாள். பஸ்ஸில் ஏறினால், "கோயிலுக்கு ஒண்ணு குடுங்க" என்பாள்.

"எந்தக் கோயிலும்மா? திருச்சியில தடுக்கி விழுந்தா கோயில்தான்" என்பார் கண்டக்டர்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பக்கத்து சீட்டில் இருக்கும் யாராவது ஒரு அம்மாள் புரிந்துகொண்டு, "ஸ்ரீரங்கம் கேக்கறாங்கப்பா, குடு" என்பார்கள்.

புத்தகத்தில் அந்தச் சொல் வரும்போதும் அம்மா வாயைத் திறக்கவில்லை. அதன் மேல் விரலை வைப்பாள், தலையைக் குனிந்துகொள்வாள், லேசாகச் சிரிப்பாள், பிறகு விரல் அடுத்த சொல்லுக்குப் போகும். ஊர்ப் பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. யாராவது கேட்டால் சொல்வேன். ஆனால் அச்சில் வந்தால் அதை அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். தலையைக் குனிந்து, சிரித்து, மேலே போக வேண்டும். நானும் அப்படியே செய்தேன். அம்மா திருத்தவில்லை.

எழுதுவதற்கு மட்டும் தடை இல்லை போலிருக்கிறது. சிலேட்டில் அந்தச் சொல்லை எழுதிக் கொடுத்தாள். நான் அதன் மேலேயே எழுதிப் பார்த்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் செய்கிற மாதிரி எச்சிலைத் தொட்டு அழித்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, முறத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"அடிப் பாவி! என் தம்பி பேரை எச்சியைத் தொட்டு அழிக்குதே! ஏம்மா, நீயும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கியே?"

"அது ஊர்ப் பேருதானே அண்ணி" என்றாள் அம்மா, மெதுவாக.

"ஊருக்குள்ள அவனும் இருக்கான்ல?"

அம்மா யோசித்தாள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, விரலை நனைத்து, அந்தச் சொல்லைத் தரையில் எழுதினாள். சிவப்புத் தரையில் எழுத்து கறுப்பாக மின்னியது. யாரும் அழிக்க வேண்டியதில்லை. மெல்லிய கோடுகள் முதலில் மங்கும். சுழிகளில் தண்ணீர் கொஞ்சம் தேங்கி நிற்கும், அவை கடைசியாகப் போகும். ஸ்ரீயின் வாலை அம்மா கோலத்துக் கொடியைப் போல ஒரு சுற்றுச் சுற்றி விடுவாள். கடைசி வரைக்கும் இருப்பது அந்தச் சுற்றுதான். அது காய்கிற வரை நாங்கள் இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்போம். அத்தைகூடக் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். தினமும் நடந்தது இது. அப்பா வருவதற்குள் சிலேட்டும் டம்ளரும் உள்ளே போய்விடும்.

ஜூன் மாதம் அப்பா அரை நாள் லீவு போட்டு, காக்கி உடுப்போடு என்னைச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனார். அம்மா வாசலில் நின்று, "பயப்படாமப் படி, என்ன? நான் சொல்லிக் குடுத்த மாதிரியே படி" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

தலைமை ஆசிரியை கண்ணாடி போட்டவர், உயரம். அப்பா நிரப்பிக் கொடுத்த பாரத்தை வாங்கி ஒரு பக்கம் வைத்தார். புத்தகத்தை என் முன்னால் தள்ளினார். நான் ஒரு பக்கம் முழுக்கத் திக்காமல் வாசித்தேன். அப்பா ஆச்சரியத்தோடு ஒரு அடி முன்னால் வந்தது நினைவிருக்கிறது. அடுத்த பக்கத்தில் நம் ஊர்ப் பாடம். "காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருப்பது" என்று வாசித்தேன். தலையைக் குனிந்தேன். லேசாகச் சிரித்தேன்.

"என்ன சிரிப்பு? படி."

"படிச்சிட்டேன் டீச்சர்."

"எங்க படிச்ச? வாயே திறக்கலையே!"

சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் நன்றாகக் குனிந்து, இன்னும் கொஞ்சம் அழகாகச் சிரித்தேன். அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

"மனப்பாடம் பண்ணி ஒப்பிக்குதுங்க. கஷ்டமான எழுத்து வந்தா முழிக்குது. ஒண்ணாங்கிளாஸ்லயே உக்காரட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பு என்றால் பள்ளிக்கூடமே கிடையாது என்று அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் அப்பா கிளம்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எழுதச் சொல்லிப் பாருங்களேன், டீச்சர்" என்றார்.

சிலேட்டும் பல்பமும் வந்தன. நான் தொடவில்லை. "தண்ணி வேணும்" என்றேன். பாவம், குழந்தைக்குத் தாகம் என்று ஆயா ஒரு டம்ளர் நிறையக் கொண்டுவந்தாள். நான் விரலை நனைத்து, எக்கி நின்று, அந்த மேசையிலேயே எழுதினேன். ஸ்ரீயின் வாலை அம்மா சுற்றுகிற மாதிரியே சுற்றி விட்டேன்.

தலைமை ஆசிரியை கழுத்தைத் திருப்பி அதைப் படித்துப் பார்த்தார். பிறகு மேசையைத் துடைக்கத் துணியை எடுத்தார்.

"அழிக்கக் கூடாது!" என்று கத்திவிட்டேன். அவ்வளவு சத்தமாக நான் அதற்கு முன்னும் கத்தியதில்லை, பின்னும் கத்தியதில்லை.

"ஏன் அழிக்கக் கூடாது?"

"அத்தை திட்டுவாங்க. தானாக் காயணும். தினமும் அம்மா அது காயற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பாங்க."

அவர் ஒதுக்கி வைத்த பாரத்தை எடுத்து, அப்பாவின் பெயரைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். "வீட்ல அம்மாவா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். துணியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்பா மேசைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "ரெண்டாங்கிளாஸ், நாளைக்கே வரட்டும்" என்று தலைமை ஆசிரியை சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் நகராததால் நானும் நகரவில்லை. எனக்கோ, பாஸாகிவிட்டோமே, அப்பா ஏன் இன்னும் போகாமல் நிற்கிறார் என்று ஒரே குழப்பம். வேலைக்கு நேரமாகிறதே என்றுகூட நினைத்தேன்.

அவர்களுக்குக் கல்யாணமாகி அப்போது ஒன்பது வருஷம். "இந்தாங்க", "பாப்பா அப்பா" என்பதைத் தவிர அம்மா அவரை வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரிந்து இருந்ததே இல்லை என்பதால் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. அவர் பெயரை அவள் தினமும் எழுதி, அது காய்கிற வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இது புரிய எனக்கே கல்யாணமாகிப் பல வருஷம் ஆக வேண்டியிருந்தது.

இதில் தப்பு இருக்கலாம். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் ஒன்றை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள். அந்த மேசை மேல் கண்ணாடி போட்டிருந்ததா, வெறும் மரமா? வெறும் மரம் என்றால் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சியிருக்கும். என் நினைவில், அந்த எழுத்து காய்கிற வரை அப்பா ரொம்ப நேரம் நின்றார்.