மார்புக்கு மட்டும்

அவருடைய உண்மைப் பெயர் எங்கள் மருத்துவமனையின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். மற்றபடி தலைமை மருத்துவர் முதல் வாசல் காவலாளி வரைக்கும் அவர் 'மூச்சுப்பிடி அக்கா'. இருபத்தாறு வருடமாக எக்ஸ்ரே அறையில் நின்றுகொண்டு "மூச்சை இழுங்க... அப்படியே பிடிங்க... விடுங்க" என்று சொல்லிச் சொல்லி வந்த பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் கோபப்படுவதற்கு வேறு விஷயங்கள் நிறைய இருந்தன.

யாராவது முதுகுப் படம் எடுக்கச் சீட்டோடு வந்தால் முதல் கேள்வி, "முன்னாடி எப்ப எடுத்தீங்க?" என்பதுதான். போன மாதம் எடுத்த படம் பையிலேயே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மருத்துவருக்குப் போன் போய்விடும். "டாக்டர், இருக்கிற படத்த முதல்ல பாருங்க. அப்புறமும் வேணும்னா சொல்லுங்க, எடுத்துத் தரேன்." பாதி மருத்துவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பார்கள். மீதிப் பேர் போனையே எடுக்க மாட்டார்கள். கல்யாணமான பெண் வந்தால், கூட வந்த மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் "நாள் எதுவும் தள்ளிப் போயிருக்கா?" என்று கேட்பார். மாமியார் எதிரில் எந்தப் பெண் உண்மை சொல்லுவாள்?

எக்ஸ்ரே என்றாலே நடுங்குகிறவர்களுக்கும் அவரிடம் திட்டு விழும். படமே வேண்டாம் என்று ஒரு பெரியவர் அடம் பிடித்தார். "இது விஷமும் இல்ல, விளையாட்டும் இல்ல. மருந்து மாதிரி. நெஞ்சுல என்ன இருக்குன்னு டாக்டருக்குத் தெரிய வேண்டாமா? தேவைப்பட்ட இடத்துக்குத் தேவைப்பட்ட அளவு, அவ்வளவுதான். ஏறிப் படுங்க" என்றார். பெரியவர் மறுபேச்சு இல்லாமல் ஏறிப் படுத்தார்.

நான் அவருக்குக் கீழே பதினொரு வருடம் வேலை பார்த்தவன். நான் செய்த காரியத்தையும் சேர்த்துத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி மட்டும் பேசினால் நான் மனிதனே இல்லை.

அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. பத்து வாரம் விடுப்பு. அவர் போன மூன்றாம் நாள் எங்கள் எக்ஸ்ரே மெஷினில் விளக்கு போய்விட்டது. பல்ப்தானே என்று நினைத்துவிடக் கூடாது. மெஷினின் தலைப்பகுதியில் ஒரு பெட்டி இருக்கும். அதற்குள்ளிருந்து ஒரு சதுர வெளிச்சம் நோயாளியின் மேல் விழும். வெளிச்சம் விழுகிற இடத்தில்தான் கதிர் படும். இரண்டு திருகுகளைத் திருப்பி அந்தச் சதுரத்தைச் சின்னதாக்கலாம், பெரிதாக்கலாம். விரலுக்கு விரலளவு, மார்புக்கு மார்பளவு. விளக்கு இல்லையென்றால் கதிர் எங்கே விழும், எங்கே நிற்கும் என்று கண்ணுக்குத் தெரியாது.

நிர்வாக அதிகாரிக்கு எழுதிப் போட்டேன். "ஆர்டர் போட்டாச்சு, வரும்" என்றார். வரவில்லை. அறைக்கு வெளியே வரிசை வாசல்வரை நின்றது. மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவில், தள்ளிக்கொண்டு போகிற சின்ன மெஷின் ஒன்று உண்டு. அதில் விளக்கு நன்றாக எரியும். ஆனால் அதைக் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கி, லிஃப்டில் இறக்கி... யார் செய்வது? நான் சுலபமான வழியைக் கண்டுபிடித்தேன். திருகுகளைக் கடைசிவரை திருப்பி முழுதாகத் திறந்துவிட்டேன். எங்கே படுத்தாலும் மார்பு அதற்குள் வந்துவிடும். பிறகு கம்ப்யூட்டரில் சுற்றிலும் கத்தரித்து, மார்பை மட்டும் மருத்துவருக்கு அனுப்பினேன். படம் அச்சு அசலாக இருந்தது. ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்த மற்ற இரண்டு பேருக்கும் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். பெருமை வேறு.

பத்து வாரம் கழித்து அக்கா வந்தார், லேசாகக் காலைச் சாய்த்துக்கொண்டு. முதல் சீட்டே குழந்தைகள் வார்டிலிருந்து. பதினொரு மாதக் குழந்தை. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, விலாவில் குழாய் போட்டிருந்தார்கள். நீர் வடிகிறதா என்று பார்க்க அடிக்கடி படம் வேண்டும். அன்றைக்கு ஏழாவது.

அக்கா குழந்தையைப் படுக்கவைத்து, விளக்கின் பொத்தானைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"லைட் எங்கடா?"

"போயிடுச்சுக்கா. எழுதிப் போட்டிருக்கேன்."

"எப்போ?"

"நீங்க போன வாரமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் முகத்தில் ஈயாடவில்லை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கத்தரித்த படத்துக்கு அடியில் கத்தரிக்காத படம் அப்படியே இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்தார். ஆறு படங்கள். கேட்டது மார்பு. படத்தில் இருந்ததோ குழந்தையின் மண்டையோடு, கண் குழிகள், வயிறு, இடுப்பு, தொடை. இரண்டு ஓரத்திலும் குழந்தையின் கையைப் பிடித்திருந்த அம்மாவின் விரல் எலும்புகள், ஒரு விரலில் மோதிரத்தோடு.

குழந்தையின் அம்மா அங்கேயேதான் நின்றிருந்தார். மார்க்கெட்டில் காய் விற்கிறவர். கதிரைத் தடுக்கிற கனமான ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு, "என்னம்மா, குழந்தைக்கு ஏதாவது...?" என்றார்.

அக்கா திரையை அவர் பக்கம் திருப்பினார். நான் கையைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தேன். தட்டிவிட்டார்.

"குழந்தைக்குப் புதுசா ஒண்ணும் இல்லம்மா. தப்பு எங்க மேல. மார்புக்கு மட்டும் எடுக்க வேண்டியத, தலையிலேர்ந்து தொடை வரைக்கும் எடுத்திருக்கோம். ஆறு தடவை. இதனால ஏதாவது வந்துடும்னு நான் பயமுறுத்தல. ஒவ்வொண்ணும் கொஞ்சம்தான். ஆனா பச்சப் புள்ள உடம்புக்கு வேண்டாத கொஞ்சம் கூட வேண்டாம். உங்களுக்குத் தெரியணும், அதான் சொல்றேன்."

அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

அக்கா எல்லோரையும் வெளியே போகச் சொல்லி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். குழந்தையின் கட்டிலோடு மாடிக்குப் போனார். கையெழுத்துக்குக் காத்திருக்கவில்லை. சின்ன மெஷினைத் தானே இழுத்து வந்து, விளக்கைப் போட்டு, உள்ளங்கை அகலச் சதுரத்தை மார்பின் மேல் வைத்து ஏழாவது படத்தை எடுத்தார். மொத்தம் இருபது நிமிடம். பத்து வாரமாக நான் மிச்சம் பிடித்த இருபது நிமிடம்.

கீழே வரிசை கொதித்துக்கொண்டிருந்தது. "கால் உடைஞ்சு உக்காந்திருக்கேன், கதவப் பூட்டிட்டுப் போறாங்களாம்!" என்று ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நிர்வாக அதிகாரி மூச்சிரைக்க வந்தார்.

"சாவியக் குடுங்க."

"லைட்டப் போடுங்க, தரேன்."

"ஆஸ்பத்திரி உங்க அப்பா வீடா?"

"எங்க அப்பா வீடா இருந்தா அன்னைக்கே பல்ப் மாத்தியிருப்பேன் சார்."

வரிசையில் திட்டிக்கொண்டிருந்தவரே சிரித்துவிட்டார். அன்று முழுக்க அவசர நோயாளிகளை ஒருவர் விடாமல் சின்ன மெஷினில் எடுத்தார். மற்றவர்களை மறுநாள் வரச் சொன்னார். கால் வலியில் முகம் வெளுத்துவிட்டது. உட்காரச் சொன்னால் என்னிடம் பேசவே இல்லை.

சாயங்காலம் என் ஸ்கூட்டரில்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். வேறு வழியில்லாமல்தான் ஏறினார். அவர் கணவர் தையற்காரர். முன்னறையில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவர் விஷயத்தைக் கேட்டதும் நிறுத்தினார்.

"ரிட்டயராக இன்னும் நாலு வருஷம். வாய மூடிக்கிட்டு இருந்தா என்ன கொறஞ்சு போகும்?"

"ஒரு காலர் தைக்க நீ முழுத் துணியையும் வெட்டுவியா?"

"அது துணி."

"அதான் சொல்றேன். துணிக்கே வெட்ட மாட்ட."

அவர் மெஷினை விட்டு எழுந்தார். எனக்குக் காப்பி கொடுத்தார். பாதிக் காப்பியை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டே நாளில் விளக்கு எரிந்தது. பத்து வாரம் வராத பாகம் இரண்டு நாளில் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக அக்காவின் மேல் விசாரணை வைத்தார்கள். குற்றம் இரண்டு: வேலையை நிறுத்தியது, மருத்துவமனைப் படங்களை வெளியாளுக்குக் காட்டியது. வெளியாள் என்றால் குழந்தையைப் பெற்றவள்!

விசாரணைக்கு முந்தின நாள் நிர்வாக அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "லைட் போன வாரம்தான் போச்சுன்னு சொல்லு. உனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது."

மறுநாள் விசாரணையில், மேசைக்கு அந்தப் பக்கம் நிர்வாக அதிகாரியும் தலைமை மருத்துவரும் ஒரு எழுத்தரும். என்னைக் கேட்டார்கள், விளக்கு எப்போது போனது என்று. "சரியா ஞாபகம் இல்ல சார்" என்றேன். பொய் சொல்லத் தைரியம் இல்லை, உண்மை சொல்லவும் இல்லை. அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அச்செடுத்து வைத்திருந்த கத்தரிக்காத ஆறு படங்களையும் பையிலிருந்து எடுத்து, தேதி தெரிகிற மாதிரி மேசையில் பரப்பினார்.

தலைமை மருத்துவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எங்களுக்கு வந்ததெல்லாம் மார்பு மட்டும்தானே?" என்றார்.

"உங்களுக்கு வந்தது அது. குழந்தைக்குப் போனது இது."

"இதெல்லாம் ரொம்பக் கம்மி அளவுதான்னு உங்களுக்கே தெரியும்" என்றார் நிர்வாக அதிகாரி.

"தெரியும். கம்மின்னா மட்டும் கேக்காமக் குடுக்கலாமா சார்? அது நெஞ்சுக்கான பங்கு. கண்ணுக்கும் வயித்துக்கும் குடுக்க நாம யாரு?"

கடைசியில் ஒரு தாளை நகர்த்தினார்கள். வருத்தம் தெரிவிக்கிறேன், இனி இப்படி நடக்காது என்று இரண்டு வரி. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அக்கா படித்துப் பார்த்தார்.

"இனி இப்படி நடக்கும் சார். லைட் போனா மறுபடியும் பூட்டுவேன். பொய்யா எதுக்கு எழுதித் தரணும்?" என்று தாளைத் திருப்பித் தள்ளினார்.

மறுநாளே மாற்றல் உத்தரவு வந்தது. பழைய கோப்புகள் அடுக்கிவைத்திருக்கும் கீழ்த்தள அறைக்கு. இருபத்தாறு வருட அனுபவத்தைத் தூசி தட்டப் போட்டார்கள். போகும்போது என்னிடம், "குழந்தைக்குக் கடைசிப் படம் திங்கட்கிழமை. கொழாய் எடுத்தாச்சு. நிதானமா எடு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாலு அறை விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை அந்தக் குழந்தையின் அம்மா வந்தார். வரிசையில் முன்னால் இருந்தவர்களிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வந்ததும் கேட்டார், "அந்தம்மா எங்க?"

"வேற இடத்துக்கு மாத்திட்டாங்க."

"எங்கிட்ட உண்மையச் சொன்னதுக்கா?"

ஆமென்று தலையை ஆட்டினேன்.

"அந்த ஆறும் எடுத்தது யாரு?"

"நான்தான்மா."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழந்தையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, "லைட்டப் போடு" என்றார். போட்டேன். வெறும் மேசைமேல் சதுரம் விழுந்தது. தன் கையை அதற்குள் நீட்டினார், வெளியே எடுத்தார், மறுபடி நீட்டினார். "சின்னதாக்கு." திருகைத் திருப்பினேன். "இன்னும்." இன்னும் திருப்பினேன். அதற்குப் பிறகுதான் குழந்தையைப் படுக்கவைத்தார். தன் விரல்கள் வெளிச்சத்துக்கு வெளியே இருக்கும்படி கையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து நாலு ஓரத்தையும் பார்த்தார்.

கதவருகில் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை உடைந்த ஒரு பெரியவர், "எனக்கும் அந்த வெளிச்சத்தக் காட்டிட்டுத்தான் எடுக்கணும், சொல்லிட்டேன்" என்றார். அவருக்குப் பின்னால் நின்ற பெண் "எனக்கும்" என்றாள்.

எல்லோரையும் வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றேன். பொத்தானில் விரல் இருந்தது. அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

"ம், இப்ப எடு" என்றார். அழுத்தினேன்.