விருந்து முடியட்டும்

என் அம்மாவுக்குப் புற்றுநோய் திரும்பி வந்ததை நாற்பத்தாறு நாள் மறைத்தேன். அவள் மறைக்கவில்லை. நான் மறைத்தேன்.

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். கடல் பக்கமிருந்து காற்றே இல்லை.

இவ்வளவு துல்லியமா என்று கேட்காதீர்கள். அணுபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காண்டிராக்டரிடம் முப்பத்தோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். ஆணியைக்கூட எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கியவன். அறுபத்துமூன்று வயதிலும் அந்தப் புத்தி போகவில்லை. ஆனால் அன்று காலை எதை எண்ண வேண்டுமோ அதை நான் எண்ணவில்லை!

வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா டீ போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள்.

"டேய், இங்க வா. கைய குடு."

என் விரலைப் பிடித்து, ரவிக்கைக்கு மேலாகவே இடது அக்குளுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்து மார்பை எடுத்துவிட்டார்கள். தழும்பின் ஓரத்தில் ஏதோ உருண்டது.

"இன்னா கீது?"

நான் விரலை இழுத்துக்கொண்டேன்.

"கொட்டப்பாக்காட்டம் கீதுல்ல? போன வாரம் மொளகு கணக்கா இருந்துச்சு."

அப்போது நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? வலிக்கிறதா என்று கேட்கவில்லை. பயமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

இதுதான் நான் கேட்டது. சொல்லவில்லை என்றாள். "விருந்து முடியட்டும்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி நைனா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

என்ன விருந்து என்று சொல்கிறேன். பிறகு என்னைக் காறித் துப்புங்கள்.

எங்கள் ஊர் திருப்போரூருக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் சபையில் ஒருவருக்குப் பெரிய நோய் குணமானால், அந்தக் குடும்பம் ஸ்தோத்திரக் கூட்டம் வைக்கும். குணமானவர் மைக் முன்னால் நின்று, கர்த்தர் சுகம் தந்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். பிறகு சபை முழுவதற்கும் விருந்து. சாட்சி சொன்னவரைப் பிறகு யாரும் நோயாளியாகப் பார்க்க மாட்டார்கள்.

அம்மாவின் சிகிச்சைக் காலத்தில் சபை எங்களைத் தாங்கியது. அதை நான் மறுக்க முடியாது. நாலு கீமோ, இருபத்தைந்து நாள் கரண்ட் என்கிற கதிர்வீச்சு. அத்தனை நாளும் வீட்டுக்கு வீடு முறை வைத்து உபவாசம் இருந்தார்கள். கஞ்சி கொண்டுவந்தார்கள். செப்டம்பர் சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அங்கேயே நான் விருந்தை அறிவித்துவிட்டேன். நவம்பர் 24, ஞாயிறு.

நன்றிக்காகத்தான் அறிவித்தேனா? இல்லை... இல்லை! அம்மா நடவு வேலைக்குப் போனவள். பிறர் வைத்த விருந்துகளில் அண்டா கழுவியவள். எங்கள் குடும்பம் எப்போதும் கடைசிப் பந்தியில், குழம்பு நீர்த்துப் போன பிறகு உட்காரும் குடும்பம். ஒரே ஒரு தடவை எங்கள் பெயரில் பந்தி போட வேண்டும் என்பது என் வெறி. இலை போட்டு, நான் நின்று பரிமாற வேண்டும். கட்டியைத் தொட்ட பிறகும், பத்து நாள்தானே... பத்து நாளில் என்ன கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பத்து நாளும் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். கையைத் தூக்கும்போது மட்டும் உதட்டைக் கடித்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கறிக்கடைக்காரனோடு பேரம் பேசப் போனேன்.

விருந்தன்று முந்நூற்று இருபது பேர். ஆராதனை முடிந்ததும் போதகர் அம்மாவைக் கூப்பிட்டார். "முடியலன்னா உக்காந்துகினே சொல்லும்மா" என்றார். நல்ல மனிதர். அவர்மேல் ஒரு பழியும் இல்லை.

அம்மா எழுந்து போனாள். மைக்கைப் பிடித்தாள். கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் தூண் ஓரத்தில் நிற்பதைக் கண்டுபிடித்தாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். 

"பிரியாணி ஆறிப்பூடும். எல்லாரும் எந்திரிச்சுப் போயி வவுறு ரொம்ப சாப்புடுங்க."

அவ்வளவுதான்! இறங்கிவிட்டாள். சபையே சிரித்தது, கை தட்டியது. "கெய்வி நம்ம பசி தெரிஞ்சவ!" என்று பின்னாலிருந்து எவனோ கத்தினான்.

ஆலயத்தில் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அது எனக்கு அந்த நொடியே புரிந்தது. அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அல்லவா? எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், அவள்மேல்! இத்தனை செலவு செய்து, ஒரு சாட்சி சொல்ல மாட்டாளா என்ற கோபம். போய் மைக்கை வாங்கினேன். "எங்கம்மா ஒடம்புல இன்னிக்கு ஒரு துளி நோயும் இல்ல" என்றேன். முந்நூற்று இருபது பேரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

பத்து நாளுக்கு முன்னால் அந்தக் கட்டியைத் தொட்ட விரலால்தான் மைக்கைப் பிடித்திருந்தேன்.

விருந்து முடிந்தது. பிறகு ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். கேளுங்கள்! அந்த வாரக் கடைசியில் புயல் மழை, ரோட்டில் தண்ணீர் என்றேன். தண்ணீர் நாலு நாளில் வடிந்தது. பிறகு கிறிஸ்துமஸ் கீத பவனி வருகிறது என்றேன். உண்மை என்னவென்றால், மைக்கில் அப்படிச் சொன்ன வாயோடு மறு வாரமே ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது? பஸ்ஸில் சபைக்காரன் ஒருவன் இருப்பான். எங்கே அண்ணாத்த, அம்மாவைக் கூட்டிக்கொண்டு என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன். ஒரு கேள்விக்கு!

கிறிஸ்துமஸ் அன்று தங்கை மேரி சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து வந்தாள். அம்மாவுக்குப் புதுப் புடவை கட்டிவிட உள்ளே போனவள், அலறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா! இன்னாண்ணா இது? நெல்லிக்கா அளவுக்குக் கீது! எப்ப வந்துச்சு?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"நேத்துதாண்டி பாத்தேன். அவனுக்கே தெரியாது. பண்டிக நேரத்துல சொல்ல வேணாம்னு இருந்தேன்."

"நேத்து வந்தது இவ்ளோ பெருசா இருக்குமா? சரியான அழுத்தக்காரி நீ! புள்ளைங்ககிட்டயே மறைப்பியா? அண்ணன் உனுக்காக ஊருக்கே சோறு போட்டுச்சே!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஆலயத்தில் சொல்லாத பொய்யை வீட்டில் சொன்னாள், எனக்காக. நான்... நான் வாசலுக்குப் போய்ச் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தேன்.

டிசம்பர் 30, திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேனில் நுரையீரலிலும் நிழல் தெரிந்தது. தனியாக நின்று டாக்டரம்மாவைக் கேட்டேன். ஒரு ஒன்றரை மாதம் முன்னால் வந்திருந்தால்?

"வித்தியாசம் இருந்திருக்கலாம் சார். இல்லாமலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

இருந்திருக்கலாம், போயிருக்கலாம்! எனக்கு ஒரு எண் வேண்டும். இத்தனை மாதத்தை நீ திருடினாய் என்று யாராவது ஒரு கணக்கு சொன்னால் அதைக் கட்டிக்கொண்டு அழுவேன். கணக்கில் வராத கடனை நான் எந்தக் கையால் தூக்குவது?

இப்போது அம்மாவுக்குப் பெரிய சிகிச்சை தாங்காது என்று மாத்திரை மட்டும் தருகிறார்கள். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் மூச்சு வருகிறது. சபையிலிருந்து வருகிறார்கள். ஒருவர் புற்றுக்கு நல்லது என்று முள்சீத்தா இலை கொண்டுவருகிறார். ஒருவர் வாசலில் நின்று, கிழவி மைக்கில் சாட்சியை ஒழுங்காகச் சொல்லவில்லை, அதனால்தான் திரும்பி வந்துவிட்டது என்கிறார். அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. உலுக்கி? என்ன சொல்வேன்? ஒழுங்காகச் சொன்னவன் நான்தான் என்றா?

மேரி மாதம் இரண்டு முறை வருகிறாள். வரும்போதெல்லாம் அதே ஏச்சு. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானாவது இஸ்துகினு போயிருப்பேனே, கல்நெஞ்சுக்காரி!" அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்கிறாள். எனக்கு மேரிமேல் ஆத்திரம் வருகிறது, தப்பான ஆளைத் திட்டுகிறாளே என்று. சரியான ஆள் பக்கத்தில் நின்று ஹார்லிக்ஸ் கலக்கிக்கொண்டிருக்கிறான்.

எல்லாரையும்விட அம்மாமேல்தான் கோபம். ஏன் "சரி நைனா" என்றாய்? ஏன் என் கன்னத்தில் அறையவில்லை? சின்ன வயதில் ஒரு பென்சில் திருடியதற்குக் கரண்டியால் அடித்தவள்தானே நீ?

போன வாரம் மேரி திட்டிவிட்டுப் போன பிறகு கேட்டேவிட்டேன். "நான்தான் சொல்ல வேணாம்னேன்னு அவகிட்ட சொல்லிடட்டுமாம்மா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"சொல்லி? எனுக்கப்புறம் உனுக்கு ஒரு வாய் சோறு போட அவதான கீறா. வாய மூடிகினு கெட."

அப்படியே நான் வாயை மூடிக்கொண்டேன். இம்முறையும் எனக்கு அது வசதியாகவே இருந்தது. இதை உங்களிடம் சொல்கிறேன், மேரியிடம் சொல்லவில்லை. இதற்குப் பெயர் ஒப்புதலா? நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா மறுபடியும் கூப்பிட்டாள்.

"அன்னிக்கு விருந்துக்கு எவ்ளோடா ஆச்சு?"

இத்தனை நாளாக அவளிடம் சொல்லாத தொகை. சொன்னேன்.

"அத்தினி துட்டா!" சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது. நெஞ்சைத் தடவிக்கொடுத்தேன். மூச்சு திரும்பியதும் சொன்னாள்: "அதுல பாதிய என் கையில குடுத்துருந்தா, ஒரு வருசத்துக்கு வாயத் தொறந்துருக்க மாட்டேனே!"

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சொன்னது கேலிதானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கறி, அரிசி, சமையல் கூலி, பந்தல், மைக் செட், இலை, வாழைப்பழம், எல்லாம் சேர்த்து எழுபத்தெட்டாயிரத்து இருநூறு ரூபாய். அதோடு நாற்பத்தாறு நாள்.