கண்ணுக்குத் தெரியாத பாணன்

வேலை மாற்றலாகித் திருவனந்தபுரம் வந்த முதல் வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் பேச ஆளில்லாமல்தான் அந்த விளையாட்டில் சேர்ந்தேன். ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டு மாடியில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்துவோம். எனக்குப் பாணன் வேடம். தற்காப்புக்கு மந்திரங்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மாயமாக மறைவதையும் சத்தமில்லாமல் நடப்பதையும் எடுத்தேன்.

கதையை நடத்திய வீட்டுக்காரப் பெண், "எல்லாம் ஒளிஞ்சுக்கற மந்திரமாவே இருக்கே. கூட இருக்கறவாளைக் காப்பாத்த ஒண்ணும் வேண்டாமா?" என்றாள்.

"இது போதும்" என்றேன்.

அன்று கதையில் ஒரு குகைக்குள் அரக்கர்கள் எங்களைச் சூழ்ந்ததும் பாணனை மறைய வைத்தேன். அவனை யாரும் தொடவில்லை. மற்றவர்கள் அடிபட்டு, ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வெளியேறி, குகை வாசலைப் பாறையால் அடைத்தார்கள். பிறகு மலையாளத்தில் சிரித்துப் பேசியபடி கதையில் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். நான் உள்ளே நிற்பது யாருக்கும் நினைவில்லை. டீ வந்தது, குடித்தேன்.

கிளம்பும்போதுதான் அவர்களில் ஒருவன், "ஐயோ, பாணன் எவிடே?" என்று கேட்டான்.

"குகைக்குள்ளதான் இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அடுத்த வாரம் வந்து கூட்டிண்டு போறோம், கேட்டோ" என்றாள் அந்தப் பெண்.

அறைக்குத் திரும்பியதும் பாணனின் மந்திரப் பட்டியலில் மறையும் மந்திரத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர்மேல் விழும் அடியைத் தடுக்கும் மந்திரத்தை எழுதிக்கொண்டேன். அது பலிக்க யாராவது கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.