தௌ என்று கூப்பிட்டவன்

முழங்காலில் சுற்ற இன்று பேண்டேஜ் துணியைப் பிரித்தேன். அதிலிருந்து வந்த பிளீச்சிங் வாசனை, ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்து, இப்போது மாடி வீடுகளுக்கு அடியில் போய்விட்ட வெளுத்த பேண்டேஜ் துணி உலர்த்தும் களத்தை நினைவுக்குக் கொண்டுவந்தது. கம்புகளுக்கு இடையே இழுத்துக் கட்டிய வெள்ளைத் துணிகள் காற்றில் படபடக்க, அவற்றின் நடுவே நடந்தபடி நானும் சாமுவேலும் ஆங்கிலப் பாடத்தின் பழைய கவிதைகளையும் அவன் வீட்டுக் காலண்டரில் இருந்த ஆங்கில பைபிள் வசனங்களையும் கத்திச் சொல்வோம். அவற்றில் வரும் 'தௌ' (thou), நம் 'நீ' போல அந்தக் காலத்தில் நெருங்கியவர்களுக்கு மட்டும் உரிய சொல் என்று தெரிந்த நாளிலிருந்து, அதுவே எங்கள் இருவருக்கும் பெயராகிவிட்டது.

"ஏலே தௌ, ஒனக்காக எம்புட்டு நேரம்லே காத்துக் கெடக்கது?" என்பான்.

பத்தாவதோடு அவன் அதே களத்தில் வேலைக்குச் சேர்ந்தான். நான் மேலே படித்துக் கல்லூரிக்குப் போனேன். ஒரு விடுமுறையில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் கல்லூரி நண்பர்களோடு நின்றிருந்தபோது, தலையில் துணிக்கட்டோடு வந்த சாமுவேல் என்னைப் பார்த்துவிட்டான்.

"ஏலே தௌ! எப்ப வந்த?"

நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க யாரு? தெரியலையே" என்றேன்.

அவன் தலையில் இருந்த துணிக்கட்டைச் சரிசெய்துகொண்டான். "மன்னிச்சிக்கோங்க சார், ஆளு மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

மன்னிப்புக் கேட்க நான் போகவே இல்லை. அதன்பின் எத்தனையோ பேர் என்னை சார் என்று அழைத்துவிட்டார்கள். தௌ என்று ஒருவரும் அழைக்கவில்லை.