பின்சக்கரத்தடியில் ஒரு கறை

கடல் மணலில் எஞ்சின் ஆயில் சொட்டி இரவெல்லாம் ஊறினால் ஒரு வாசனை வரும். கொஞ்சம் உப்பும் கொஞ்சம் கருகலுமாக மூக்கிலேயே தங்கிவிடும். ராயபுரத்துச் சந்து ஒன்றில் வளர்ந்த எனக்கு விடியல் என்றாலே அந்த வாசனைதான். என் அப்பா, நாங்கள் கூப்பிட்டது "நைனா", பழைய கறுப்பு வாடகைக் கார் ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். சுதந்திரம் வந்ததும் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய வண்டி. அதன் நல்ல காலத்தை அவர் கப்பலில் கூடவே ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று அம்மா சொல்வாள். எங்கிருந்தாவது எதையாவது ஒழுக்கிக்கொண்டே இருக்கும்.

எது ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க நைனாவிடம் ஒரு வழி இருந்தது. கடற்கரை மணலைக் கோணியில் கொண்டுவந்து, வண்டி நிற்கும் இடத்தில் கொட்டி, கல்லில் தோசை மாவை இழுப்பதுபோலச் சீராகப் பரப்பி, அதன்மேல் வண்டியை நிறுத்துவார். காலையில் என்னை அருகில் குந்தவைத்து, "மணலு இன்னா சொல்லுது?" என்று கேட்பார். முன்பக்கம் கறுப்பாகச் சொட்டியிருந்தால் எஞ்சின் ஆயில். பின்னால் கெட்டியாக, அழுகின பூண்டு நாற்றம் அடித்தால் கியர் ஆயில். துருவேறிப் பழுப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர். இதெல்லாம் வண்டிக்கு வரும் சளி, ஜுரம் மாதிரிதான், பயமில்லை. சக்கரத்தின் உள்பக்கத்தில் நிறமில்லாமல் பிசுபிசுவென்று ஓர் ஈரம் தெரிந்தால் மட்டும் அவர் முகம் மாறிவிடும், ஏனென்றால் அது பிரேக் ஆயில். அந்த நாளில் கடையில் அது சுலபமாகக் கிடைக்காது. டிரைவர்கள் விளக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்து தாங்களே செய்துகொள்வார்கள். ஸ்பிரிட் காற்றில் போய்விடும், மணலில் மிஞ்சுவது விளக்கெண்ணெய் வாசனைதான்.

பக்கத்து வீட்டில் பிலோமினா அக்கா இருந்தாள். அவள் கணவர் சவரிமுத்துவுக்குத் துறைமுகத்தில் வேலை. கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, எத்தனையோ நேர்த்திக்கடனுக்குப் பிறகு, அக்கா அந்த வருஷம்தான் முழுகாமல் இருந்தாள். எனக்குத் தலை பின்னிவிடுவது அம்மா இல்லை, அவள்தான். வாசலில் போகும்போதும் வரும்போதும் நைனா அவளைப் பார்த்து, "வலி எடுத்தா ஒரு கொரல் குடு, வண்டி கீது" என்பார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு ரயில்வே கேட் உண்டு. துறைமுகத்துக் கூட்ஸ் வண்டிகள் அதை நினைத்தபோதெல்லாம் மூடிவிடும். காராக இருந்தால் சுற்றுவழியில் சீக்கிரம் போய்விடலாம். அந்தத் தைரியத்தில்தான் அக்கா தாய்வீட்டுக்குக்கூடப் போகாமல் இங்கேயே இருந்தாள்.

இனி என் கைங்கரியத்தைச் சொல்ல வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்கள் வீட்டில் "பேதி மருந்து" நாள் வரும். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து, விடிந்தும் விடியாமலும் அம்மா ஒரு டம்ளரில் விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கையில் கொடுப்பாள். எனக்கு அப்போது பத்து வயது. அக்காவுக்கு மாதம் நிறைந்திருந்த ஒரு சனிக்கிழமை, வாசலில் நின்று குடிக்கிறேன் என்று வெளியே வந்தேன். சாக்கடையில் கொட்டினால் மிதந்து காட்டிக் கொடுக்கும். காருக்கடியிலோ ஏற்கெனவே ஆயிரம் எண்ணெய்க் கறை. இன்னொன்று யாருக்குத் தெரியப் போகிறது? சமையலறையிலிருந்து பார்த்தால் தெரியாத பின்சக்கரத்தின் உள்பக்கமாகக் குனிந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிவிட்டேன். தினமும் மணலைப் படிக்கிற பெண்ணுக்கு அந்த நேரத்தில் மூளை எங்கே மேயப் போனதோ! காலி டம்ளரைப் பார்த்து அம்மா "சமத்து" என்று ஒரு கைப்பிடி சர்க்கரை கொடுத்தாள். அதையும் தின்றேன்.

நைனா எழுந்து வந்தார், குனிந்தார், இரண்டு விரலால் மணலை எடுத்து மோந்தார். போய் ஜாக்கியை எடுத்துவந்து, வண்டியைத் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே எல்லாம் காய்ந்து கிடந்தது. அது அவருக்குச் சந்தேகத்தை அதிகமாக்கியது. அடுத்த சக்கரத்தையும் கழற்றினார். டிரம், ஸ்பிரிங், குழாய் என்று ஒவ்வொன்றாகக் கோணியில் வரிசையாக வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "நைனா, அது நான் கொட்டினது" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால் முதுகில் நாலு சாத்து, அதற்குமேல் இன்னொரு டம்ளர். அந்த இன்னொரு டம்ளருக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை எழுதவே கை கூசுகிறது.

பத்து மணி இருக்கும். சவரிமுத்து ஓடிவந்தார். பனிக்குடம் உடைந்துவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவச்சி சொல்கிறாள். சொல்லிக்கொண்டே வந்தவர் மரக்கட்டைமேல் சக்கரமில்லாமல் நின்ற வண்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். நைனாவின் கையெல்லாம் கிரீஸ். "பிரேக்கு போன வண்டில புள்ளத்தாச்சிய ஏத்தமாட்டேன் சவரி, நான் ஜட்கா இட்டாறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்புகூடப் போடாமல் தெருமுனைக்கு ஓடினார். குதிரை ஜட்கா ஒன்று கிடைத்தது. ஆனால் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருக்க, அக்கா அந்த வெயிலில் ஜட்காவுக்குள் கிடந்தாள். சாயங்காலம் அவள் பிழைத்துவிட்டாள் என்று செய்தி வந்தது. பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தையே இல்லை.

நைனா நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தார், ஒரு மெக்கானிக்கையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒழுக்கே இல்லை என்றார் அவர். அது சந்துக்குத் தெரிந்ததும் பேச்சு வேறு மாதிரி ஆனது. சீட்டில் ரத்தக்கறை படும் என்றுதான் மனுஷன் வேண்டுமென்றே சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டான் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். பிலோமினா அக்கா அதை நம்பினாள். எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டாள். நைனா யாரிடமும் வாதாடவில்லை. "மணல்ல இருந்துச்சே, நான் மோந்து பாத்தேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கழுவின கையை அடிக்கடி மூக்கருகே கொண்டுபோவார்.

மாதா கோயிலில், செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, பேதி மருந்தைக் குடிக்காமல் கொட்டிவிட்டேன் என்று சாமியாரிடம் சொன்னேன். எங்கே கொட்டினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பரிகாரமாக மாதாவை நோக்கி மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். அதோடு தீர்ந்தது என்று பார்த்தால், வயது ஆக ஆக அது வளர்ந்துகொண்டே வந்தது. நைனாவிடம் சொல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம் நைனா போய்விட்டார். சந்தே திரண்டு வந்தது, பக்கத்து வீட்டுக் கதவு மட்டும் திறக்கவில்லை.

போன மாதம் அந்தச் சந்துக்குப் போயிருந்தேன். தரையெல்லாம் சிமெண்டு. கேட் இருந்த இடத்தில் பாலம். வரிசையாக நிற்கும் கார்களுக்கடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுப்பாரும் இல்லை. ஜட்கா என்றால் என்னவென்று கூட வந்த பேத்தி கேட்டாள். பிலோமினா அக்கா மட்டும் அதே வீட்டில், கண் மங்கி, தனியாக இருந்தாள். பேத்தியை வெளியே அனுப்பிவிட்டு, டம்ளரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள், இல்லையென்றால் குழந்தைதானே என்று மன்னிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒங்க நைனாவாண்ட சொன்னியா?" என்றாள்.

இல்லை என்றேன்.

மங்கின கண்ணை எங்கள் பழைய வீட்டுப் பக்கம் திருப்பினாள். பிறகு, "ஒங்க நைனா செத்த அன்னிக்கி, அவர எடுக்கசொல்ல நான் கதவ சாத்திக்கினு உள்ள குந்திகினு இருந்தேன். இத்த இப்ப நான் யாராண்ட போய் சொல்றது?" என்று கேட்டாள்.

அவள் கையைப் பிடிக்கப் போனேன். அக்கா கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.